ஆயாக் கொட்டகையும் அரசாங்க உரிமமும்

தோட்டப்புறத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கங்காணியைப் பற்றி எழுதினர். லயத்து வீடுகளைப் பற்றி எழுதினர். மாரியம்மன் கோயில், கள்ளுக்கடை, தமிழ்ப்பள்ளி ஆகியவற்றைப் பற்றியும் பலபட எழுதினர். ஆயினும், இவற்றுக்கு நடுவே தாழ்ந்த கூரையுடன் நின்ற ஒரு கட்டடத்தைப் பற்றி விரிவாக எழுதியோர் மிகச் சிலரே. அதுதான் ஆயாக் கொட்டகை. இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் அதனையே ‘பிள்ளைக் காம்பரா’ என்றும் ‘பிள்ளை மடுவம்’ என்றும் வழங்கினர். பெயர் வேறாயினும் பணி ஒன்றே. தாய் வேலைக்காட்டில் நிற்கும்போது அவள் குழந்தையைக் காப்பதே அப்பணி.

இன்று நகரங்களில் ‘தஸ்கா’ என்று அழைக்கப்படும் குழந்தைப் பராமரிப்பு நிலையங்களுக்கு, நம் சமுதாயத்தைப் பொறுத்தவரை, இந்த ஆயாக் கொட்டகையே மூத்த தமக்கை. அன்று எவருடைய உரிமச் சீட்டும் இன்றி ஒரு மூதாட்டி செய்த பணி, இன்று அரசாங்கப் பதிவு இல்லாமல் செய்யக் கூடாத தொழிலாக மாறியிருக்கிறது. இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது, அதனால் நாம் பெற்றது யாது, இழந்தது யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காப்பகத்தின் பிறப்பு

பிள்ளைக் காப்பகம் தொழிற்புரட்சியின் குழந்தை. வீட்டிலேயே நெசவும் வேளாண்மையும் நடந்த காலத்தில் தாயும் சேயும் ஒரே கூரையின்கீழ் இருந்தனர். ஆலைகள் எழுந்து, சங்கொலிக்குத் தாய் ஓட வேண்டிய நிலை வந்தபோதுதான், ‘பிள்ளையை யாரிடம் விடுவது?’ என்ற வினா பிறந்தது. ஸ்காட்லாந்தில் நியூ லானார்க் என்னும் ஊரில் பஞ்சாலை நடத்திய ராபர்ட் ஓவன், 1816-ஆம் ஆண்டில் தம் தொழிலாளரின் சிறு குழந்தைகளுக்கென ஒரு கல்விக்கூடத்தைத் திறந்தார். பாரிஸ் நகரில் பிர்மன் மார்போ என்பவர் 1844-ஆம் ஆண்டில், வேலைக்குச் செல்லும் ஏழைத் தாய்மாரின் கைக்குழந்தைகளுக்காக ஒரு காப்பகம் தொடங்கினார். ‘கிரெஷ்’ என்று அதற்குப் பெயர். மாட்டுத் தொழுவத்தில் தீவனம் வைக்கும் தொட்டியைக் குறிக்கும் சொல் அது. ஏசு பிறந்தபோது அவரைக் கிடத்திய தொட்டியை நினைவூட்டும் வகையில் அப்பெயர் அமைந்தது. நம் தோட்டத்து ஆங்கிலத் துரைமார் ஆயாக் கொட்டகையைக் குறிக்கப் பயன்படுத்திய சொல்லும் இதுவேயாகும்.

அறம் என்ற அளவில் தொடங்கிய இப்பணியைச் சட்டம் கண்காணிக்கத் தொடங்கியது பிற்காலத்தில்தான். இங்கிலாந்தில் 1948-ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டம், கூலி பெற்றுக்கொண்டு பிறர் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்வோர் உள்ளூராட்சி மன்றத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று விதித்தது. இந்தியாவில் 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தோட்டங்கள் குழந்தைக் காப்பிடம் அமைக்க வேண்டும் என்று கூறியது. இங்கே ஒரு வேறுபாட்டைக் கருதுதல் வேண்டும். ஆங்கிலச் சட்டம் பிள்ளையைக் காப்பவரைப் பார்த்துப் பேசியது. இந்தியச் சட்டம் தாய்க்கு வேலை கொடுத்தவரைப் பார்த்துப் பேசியது. இவ்விரு போக்குகளும் மலாயாவில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

விடியற்காலை வேலையும் கைக்குழந்தையும்

மலாயாத் தோட்டங்களுக்கு வந்த முதல் தலைமுறைத் தொழிலாளருள் பெரும்பாலோர் தனியாடவர். ஒப்பந்தக் கூலி முறைக்கு ஆள் சேர்ப்பது 1910-ஆம் ஆண்டில் நின்றது. கங்காணி முறை ஓங்கியபோது, ஊரிலிருந்து உற்றாரையும் உறவினரையும் அழைத்துவரும் வழக்கம் பெருகிற்று. 1922-ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தையொட்டி எழுந்த விதிகள், குடும்பமின்றி வரும் ஆடவரின் தொகையை மட்டுப்படுத்த முற்பட்டன. 1938-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம், உதவிபெற்று வரும் உடலுழைப்புத் தொழிலாளரின் பயணத்தைத் தடை செய்தபின், இங்கிருந்தோர் இங்கேயே நிலைபெற்ற குடும்பங்களாயினர். குடும்பம் வந்தபோது தொட்டிலும் வந்தது.

ஆனால் தொட்டிலின் அருகே தாய் இருக்க இயலவில்லை. அதற்குக் காரணங்கள் இரண்டு. முதற்காரணம் கூலி. 1920-களின் இறுதியில் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி, பெரும்பாலான பகுதிகளில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930-ஆம் ஆண்டின் விலைவீழ்ச்சியில் அது 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. இந்நிலையில் ஒருவர் கூலியில் ஒரு குடும்பம் உண்டு உடுத்தி வாழ இயலுமா? மனைவியும் வெட்டுக்கத்தி ஏந்தியே தீரவேண்டியிருந்தது.

இரண்டாவது காரணம் பால்மரத்தின் இயல்பு. கதிரவன் ஏறுமுன், குளிர்ச்சி மாறாத வேளையில் பட்டையைச் சீவினால்தான் பால் நன்றாக வடியும். வெயில் ஏற ஏற ஒழுக்குக் குறையும். ஆகவே, இருள் பிரியுமுன் பெரட்டுக்கு நிற்கவும், விடியும்போது நிரையில் நிற்கவும் வேண்டியதாயிற்று. நாட்டில் மற்றத் தாய்மார் பிள்ளையைத் துயிலெழுப்பும் நேரத்தில், தோட்டத்துத் தாய் அதனைத் துணியில் சுற்றித் தோளில் கிடத்தி, விளக்கு வெளிச்சத்தில் ஆயாக் கொட்டகைக்கு நடந்தாள்.

கொட்டகையின் உள்ளே உத்தரத்திலிருந்து சேலைத் தொட்டில்கள் தொங்கும். காட்டு வேலைக்கு உடல் ஒத்துழைக்காத ஒரு மூதாட்டியோ, துணையிழந்த ஒரு கைம்பெண்ணோ ஆயாவாக இருப்பார். பாலும் கஞ்சியும் அவர் பொறுப்பு. குளிப்பாட்டுவதும் உறங்கவைப்பதும் அவர் பொறுப்பு. தாலாட்டும் கதையும் உறவுமுறைச் சொற்களும் அவர் வாயிலிருந்தே பல குழந்தைகள் கற்றன. அவருக்குப் பயிற்சி எதுவும் அளிக்கப்பட்டதில்லை. அனுபவமே அவருடைய சான்றிதழ். அந்த அனுபவம் சிறந்து விளங்கிய கொட்டகைகளும் உண்டு. ஒருவர் கையில் அளவுக்கு மீறிய குழந்தைகள் விடப்பட்டு, அழுகையும் ஈயுமாகக் கிடந்த கொட்டகைகளும் உண்டு.

உரிமம் யாருக்கு?

இங்கே வரலாற்றின் ஒரு முரண்பாட்டைச் சுட்டிக்காட்டுதல் தகும். ஊரிலிருந்து ஆள் சேர்க்கச் சென்ற கங்காணிக்கு உரிமம் வேண்டும். தோட்டத்தில் கள் விற்கும் கடைக்கு உரிமம் வேண்டும். ஆள் சேர்ப்பதையும் கள் விற்பதையும் அரசாங்கம் ஏட்டில் எழுதிக் கணக்கு வைத்தது. ஆனால், பேசத் தெரியாத குழந்தைகள் பலவற்றைப் பகல் முழுதும் தன் கையில் வைத்திருந்த ஆயாவுக்கு எவரும் உரிமம் கேட்கவில்லை. அவர் தகுதியை எவரும் சோதிக்கவில்லை. அவருக்குரிய மதிப்பை எவரும் அளிக்கவும் இல்லை.

சட்டம் குழந்தையை முற்றிலும் மறந்தது என்று கூறுதல் நேர்மையாகாது. மலாய் ஐக்கிய மாநிலங்களின் 1912-ஆம் ஆண்டுத் தொழிற்சட்டமும் அதனை அடுத்து வந்த 1923-ஆம் ஆண்டுச் சட்டமும், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று விதித்தன. நாட்டின் தமிழ்ப் பள்ளிகள் பலவற்றுக்கு அவ்விதியே வேராயிற்று. ஆனால், பள்ளி வயது என்பது ஏழில் தொடங்கிற்று. ஏழுக்கு முற்பட்ட பிள்ளையின் கல்வி எவர் கணக்கிலும் சேரவில்லை. கொட்டகை சரியாக இல்லாத இடங்களில், தம்பியையும் தங்கையையும் பார்த்துக்கொள்வதற்காக மூத்த பெண்பிள்ளை பள்ளிக்கு வராமல் நின்றாள். தோட்டப் பள்ளியில் வருகைப் பதிவேடு எழுதிய ஆசிரியர் எவரும் இதனை அறிவர். தங்கைக்குக் காப்பகம் இல்லாமையால் அக்காளுக்குக் கல்வி இல்லாமற் போயிற்று.

1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வு கேட்டனர். பிள்ளைகளுக்கு முறையான கல்வி கேட்டனர். மருத்துவ வசதி கேட்டனர். கள்ளுக்கடைகளை மூடக் கேட்டனர். மானத்தோடு வாழும் உரிமைகளைக் கேட்ட அப்பட்டியலிலும் ஆயாக் கொட்டகை தனியொரு கோரிக்கையாக இடம்பெறவில்லை. தாய்மாரின் கவலை தலைவர்களின் பட்டியலில் ஏறுவதற்குக் காலம் பிடித்தது.

விடுதலைக்குப்பின், 1966-ஆம் ஆண்டில் தொழிலாளர் வீட்டு வசதிக் குறைந்தபட்சத் தரச் சட்டமும், அதற்குப் பதிலாக 1990-ஆம் ஆண்டில் தொழிலாளர் வீட்டு வசதி, பிற வசதிகள் ஆகியவற்றின் குறைந்தபட்சத் தரச் சட்டமும் வந்தன. தொழிலாளரின் வீடு, குழந்தைக் காப்பிடம் ஆகியவற்றுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுப்பது 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று என அதன் தலைப்புரையே கூறுகிறது. ஆயின் காலம் முந்திக்கொண்டது. 1950-களிலும் 1960-களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பின்னர்ப் பால்மரம் சாய்ந்து செம்பனை எழுந்தது. அதன்பின் தோட்டங்கள் வீட்டுமனைகளாயின. எஞ்சிய தோட்டங்களில் வேலைக்கு வந்த வெளிநாட்டுத் தொழிலாளர் குடும்பத்தை உடன் கொண்டுவர இயலாதவர். சட்டத்தில் கொட்டகை நிலைபெற்றபோது, தோட்டத்தில் தொட்டில் இல்லாமற் போயிற்று.

1984-ஆம் ஆண்டின் சட்டம்

தோட்டத்தை விட்ட தாய்மார் எங்கே சென்றனர்? தொழிற்சாலைகளுக்குச் சென்றனர். 1971-ஆம் ஆண்டில் தடையற்ற வாணிப வட்டாரச் சட்டம் நிறைவேறியது. அதனையடுத்துப் பினாங்கின் பாயான் லெப்பாசிலும் சிலாங்கூரின் சுங்கை வேயிலும் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. அங்கே வேலை முறைமாற்று வேலையாக இருந்தது. பெரட்டுக்கு ஒரே நேரம். தொழிற்சாலைக்கோ பகலும் உண்டு, இரவும் உண்டு. தோட்டத்தில் வேலை கொடுத்தவரே கொட்டகையும் கொடுத்தார். நகரத்திலோ தாய் தானே ஒரு வீட்டைத் தேடிப் பிள்ளையை விட வேண்டியதாயிற்று.

இந்தச் சூழ்நிலையில்தான் 1984-ஆம் ஆண்டில் குழந்தைப் பராமரிப்பு நிலையச் சட்டம் பிறந்தது. 308-ஆவது சட்டம் என்று அதனைக் குறிப்பர். இங்கிலாந்தின் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் போலவே, இது பிள்ளையைக் காப்பவரைப் பார்த்துப் பேசுகிறது. ஒரு குடும்பத்துக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த, நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகள் நால்வரோ அதற்கு மேற்பட்டோரோ கட்டணத்தின் பேரில் பராமரிக்கப்படும் இடம் எதுவாயினும், அது பதிவு பெற்றிருத்தல் வேண்டும் என்பது சட்டத்தின் அடிப்படை. பதிவு செய்யும் பொறுப்பு, 1946-ஆம் ஆண்டில் தோன்றிய சமூக நலத்துறையிடம் உள்ளது. பதிவின்றி நடத்துவது அபராதமோ சிறையோ விளைவிக்கக்கூடிய குற்றம்.

நிலையங்கள் அளவால் இருவகைப்படும். நான்கு முதல் ஒன்பது குழந்தைகள் வரை ஒருவர் தம் இல்லத்திலேயே பராமரிப்பது இல்லம்சார் நிலையம். பத்தும் அதற்கு மேலும் ஆயின் அது நிறுவனம்சார் நிலையம். நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் செல்லும் ‘தாடிக்கா’ வேறு. அது 1996-ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தின்கீழ்க் கல்வி அமைச்சின் ஆளுகையில் வருவது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி, ஓர் உரிமத்தை வைத்துக்கொண்டு மற்றதையும் நடத்த முற்படுவோர் உளர். அது தவறு.

நிலையம் தொடங்க விரும்புவோர் முதலில் தொழிலைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அடுத்து, தேர்ந்தெடுத்த கட்டடத்தை அப்பணிக்குப் பயன்படுத்த உள்ளூராட்சி மன்றத்தின் இசைவு, தீயணைப்பு மீட்புத் துறையின் இசைவு, சுகாதாரத் துறையின் இசைவு ஆகியவற்றைப் பெறுதல் வேண்டும். பராமரிப்பாளர் 18 வயது நிரம்பியவராகவும், உடல்நலச் சோதனையில் தேறியவராகவும், துறை அங்கீகரித்த குழந்தைப் பராமரிப்புப் பயிற்சி பெற்றவராகவும் இருத்தல் வேண்டும். கட்டடத்தை வாடகைக்கு எடுத்து வண்ணமும் பூசிய பின்னர் இசைவு கேட்கச் செல்வது வீண்செலவுக்கு வழி. இசைவு கிடைக்குமா என்பதை முதலில் கேட்டறிந்து, பின்னர் முன்பணம் கொடுப்பதே அறிவுடைமை.

2012-ஆம் ஆண்டின் விதிகள், ஒரு பராமரிப்பாளர் எத்தனை குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்பதையும் வரையறுக்கின்றன. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளாயின் மூவர். ஒரு வயது முதல் மூன்று வயதுக்குட்பட்டோராயின் ஐவர். மூன்று வயது முதல் நான்கு வயதுக்குட்பட்டோராயின் பதின்மர். கொட்டகைக் காலத்தில் ஓர் ஆயாவுக்கு இத்தனை பிள்ளைகள் என்ற எல்லை நடைமுறையில் இல்லை. அதனை நினைக்கும்போது, இவ்விதி எத்துணை அருமையானது என்பது விளங்கும்.

சுமை கைமாறிய கதை

ஆயினும் அருமையான விதிக்கு ஒரு விலை உண்டு. அதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஓர் அம்மையார் தம் இல்லத்தில் எட்டுக் குழந்தைகளை ஏற்கிறார் என்று கொள்வோம். மூவர் கைக்குழந்தைகள், ஐவர் இரண்டு வயதினர். விதிப்படி கைக்குழந்தைகளுக்கு ஒருவர், மற்றவர்க்கு ஒருவர் என இரு பராமரிப்பாளர் வேண்டும். கைக்குழந்தைகளைப் பார்ப்பவரின் ஊதியம் முழுவதையும் மூன்று குடும்பங்களே பகிர்ந்து சுமக்க வேண்டும். வாடகை, உணவு, மின்சாரம் ஆகியன வேறு. கட்டணம் உயர்வதற்குக் காரணம் நடத்துபவரின் பேராசை மட்டுமன்று. கைக்குழந்தைக்கு அத்தனை கைகள் தேவை என்ற உண்மையும் ஆகும்.

இங்கேதான் வரலாறு நமக்கு ஒன்றைப் புலப்படுத்துகிறது. தோட்டத்துச் சட்டம் சுமையை முதலாளியின் தோளில் வைத்தது. ஆனால் பராமரிப்பின் தரத்தைச் சரிவரக் கேட்கவில்லை. 1984-ஆம் ஆண்டுச் சட்டம் தரத்தைக் கேட்டது; ஆனால் சுமையைத் தாயின் தோளுக்கும் காப்பக உரிமையாளரின் தோளுக்கும் மாற்றிவிட்டது. தோட்டத் தொழிலாளியின் மகள் தொழிற்சாலைத் தொழிலாளியானபோது, அவளுக்குக் கிடைத்த கூலி உயர்வில் ஒரு பகுதி, அவள் தாய்க்குக் கட்டணமின்றிக் கிடைத்த கொட்டகைக்கு ஈடாகக் கழிந்தது. அரசாங்கம் இதனைச் சிறிது உணர்ந்துள்ளது. பதிவு பெற்ற நிலையங்களுக்குச் செலுத்தும் கட்டணத்துக்கு 2017-ஆம் மதிப்பீட்டு ஆண்டு முதல் வருமான வரிச் சலுகை அளிக்கப்பட்டது. ஆனால், வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாத தாய்க்கு வரிச் சலுகையால் பயன் யாது?

பயன் இல்லாதபோது அவள் அடுக்குமாடி வீட்டின் அண்டை வாசலைத் தட்டுகிறாள். அங்கே இருக்கும் அம்மையாரும் ஏழைதான். நல்லெண்ணத்தோடு ஐந்தாறு பிள்ளைகளை ஏற்கிறார். தாம் சட்டத்தின் வரம்புக்குள் வந்துவிட்டதையே அவர் அறியார். ‘பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும் உரிமமா? இது உறவையே கெடுக்கும்’ என்று சிலர் கேட்கின்றனர். அவர்களுக்கு விடை சட்டத்திலேயே உள்ளது. மூன்று குழந்தைகள் வரை சட்டம் தலையிடுவதில்லை. நான்காவது குழந்தை வரும்போதுதான், ‘இவர்களுக்குப் போதிய கைகள் உண்டா? தீப்பற்றினால் வெளியேற வழி உண்டா?’ என்று கேட்கிறது. தாய் கேட்க நினைத்தும் கூசிக் கேட்காமல் விட்ட கேள்விகள் அல்லவா இவை? உரிமம் என்பது ஐயத்தின் அடையாளமன்று. பேசத் தெரியாத குழந்தையின் சார்பில் பேசும் வாய்.

ஆசிரியர்க்கு இதில் என்ன பங்கு?

‘நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளை பள்ளியின் கவலையன்று’ என்று ஆசிரியப் பெருமக்கள் ஒதுங்கிவிடலாகாது. 1957-ஆம் ஆண்டில் நாட்டில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூற்றுச் சொச்சம் உள்ளன. முதல் வகுப்பில் எத்தனை பேர் சேர்வர் என்று ஒவ்வோர் ஆண்டும் எண்ணிக் கவலுறுகிறோம். ஆனால், ஏழு வயதில் பள்ளி வாசலுக்கு வரும் பிள்ளையின் நாவில் எம்மொழி குடியேறியது என்பது, அது தவழ்ந்த இடத்திலேயே பெரிதும் முடிவாகிவிடுகிறது. கொட்டகை ஆயாவுக்குப் பாடத்திட்டம் தெரியாது. ஆனால் அவர் பேசியது தமிழ். அந்தக் கொட்டகை மறைந்தபோது கூரை மட்டும் மறையவில்லை; வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே இருந்த ஒரு தமிழ்ப் படிக்கட்டும் மறைந்தது.

அப்படிக்கட்டை மீண்டும் அமைக்கச் சட்டம் தடையாக இல்லை; அதற்கு வழி வகுத்தும் இருக்கிறது. ஒன்பது குழந்தைகள் வரை இல்லத்திலேயே நடத்தலாம் என்ற விதி, சிறு முதலுடைய பெண்களுக்கு உகந்தது. அண்டைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மையாரைக் கண்டால், அச்சுறுத்தாமல், பதிவு செய்துகொள்ளும் முறையை எடுத்துரைப்பதும், மனுவை நிரப்ப உதவுவதும், பயிற்சிக்கு வழிகாட்டுவதும் ஆசிரியர் செய்யத்தக்க தொண்டு. கோயில் நிருவாகங்களும் மாதர் அமைப்புகளும் பள்ளி வாரியங்களும், ஆண்டில் பல நாள்கள் பூட்டிக்கிடக்கும் மண்டபங்களைப் பற்றிச் சிந்தித்தல் வேண்டும். எல்லா மண்டபமும் தீயணைப்புத் துறையின் இசைவைப் பெறா. பெறத்தக்கவை எவையென ஆராய்ந்தால், வாடகை என்னும் பெருஞ்சுமை நீங்கி, எளிய தாயும் செலுத்தத்தக்க கட்டணத்தில் நிலையம் நடத்தலாம். பயிற்சி பெற்ற இளம்பெண்களுக்கு அது பிழைப்புமாகும்.

ஒன்றை மட்டும் மறவாதிருத்தல் வேண்டும். தமிழ் பேசும் நிலையம் என்பதனால் தரம் குறைந்த நிலையமாக இருந்தாலும் போதும் என்ற எண்ணம் எவர்க்கும் வேண்டா. மூன்று கைக்குழந்தைகளுக்கு ஒருவர் என்ற விதி நம் குழந்தைகளுக்கும் உரியதே. சென்ற நூற்றாண்டில் நம் பாட்டிமார்க்குக் கிடைத்தது உரிமமற்ற அன்பு. இன்று பல இடங்களில் கிடைப்பது அன்பு குறைந்த உரிமம். அன்பும் உரிமமும் ஒரே கூரையின்கீழ்ச் சேர்ந்திருப்பதே இனிவரும் தலைமுறைக்கு நாம் அமைத்துக் கொடுக்கவேண்டிய கொட்டகை. அதற்கான அடிக்கல்லை நடும் பணியில், முதல் வகுப்பு வாசலில் காத்து நிற்கும் ஆசிரியர்களே முன்னிற்பார்களாக.